விற்காமல் போனதன் ருசி

அர்மான்யாக் பிராந்தி புட்டியை வாங்குகிறவர் சீட்டில் இரண்டு ஆண்டுகளைத் தேட வேண்டும். ஒன்று திராட்சை பறித்த ஆண்டு. பெரிய எழுத்தில், கண்ணில் படுவதற்காகவே அச்சடித்திருப்பார்கள். மற்றது பீப்பாயிலிருந்து புட்டிக்கு இறக்கிய ஆண்டு. பின்பக்கச் சீட்டில், சில வேளை கையால் எழுதி, ஓரமாகக் கிடக்கும். கண்ணாடிக்குள் போன பிராந்திக்கு வயது ஏறுவதில்லை. 1973இல் பறித்து வடித்ததை 1993இல் புட்டியில் அடைத்திருந்தால் அது இருபது வயதுப் பிராந்தி. இன்றைக்குத் திறந்தாலும் இருபதுதான். அதே பீப்பாயில் ஒரு பங்கை 2013 வரை விட்டிருந்தால் நாற்பது. முன்பக்கம் இரண்டிலும் 1973 என்றே இருக்கும். உள்ளே இருப்பவை வேறு வேறு.

முதல் ஆண்டை வெயிலும் மழையும் முடிவு செய்கின்றன. இரண்டாவது ஆண்டை ஒரு மனிதர் முடிவு செய்கிறார். மகளுக்குக் கல்யாணம், மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகல், தகப்பன் செத்துப் பாகப்பிரிவினை, இல்லையென்றால் வாசலில் வந்து நின்ற வியாபாரியின் கையில் இருந்த பணம். அந்தச் சின்ன எழுத்து ஆண்டைத்தான் நான் முதலில் படிக்கிறேன். ஒரு குடும்பம் எதுவரை விற்காமல் தாக்குப்பிடித்தது என்பதற்கு அது அத்தாட்சி.

மதுக்கடைகளில் ‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல் மலிந்துவிட்டது. படிகக் குடுவை, தோல் பெட்டி, எண் பொறித்த தகடு. எத்தனை புட்டி என்பதை விற்பனைப் பிரிவு முதலில் தீர்மானிக்கிறது. பானத்தை அதற்குப் பிறகு கலக்கிறார்கள். ஐந்நூறு போட்டவர்கள் மனம் வைத்திருந்தால் ஐயாயிரமும் போட்டிருக்கலாம் என்பதால் எனக்கு அந்த அருமையில் நம்பிக்கை வருவதில்லை. தென்மேற்குப் பிரான்சின் காஸ்கோனிப் பகுதியிலிருந்து வரும் ஒற்றைப் பீப்பாய் அர்மான்யாக்கின் விஷயம் வேறு. இருநூறு புட்டி என்று சீட்டில் எழுதியிருந்தால் பீப்பாயில் இருந்தது அவ்வளவுதான். ஏன் அவ்வளவுதான் இருந்தது, அது ஏன் அத்தனை காலம் அங்கேயே கிடந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் இருக்கும் பரம்பரைப் பெருமை எதுவும் அகப்படாது. வாங்க ஆளில்லை. அதனால் கிடந்தது.

இன்னொரு பிரெஞ்சுப் பிராந்தியான கோன்யாக்குக்கு ஓர் ஆறு இருந்தது. ஷரான்த் ஆறு கோன்யாக் ஊரைத் தொட்டுக்கொண்டு போய் அட்லாண்டிக்கில் விழுகிறது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் 17ஆம் நூற்றாண்டிலேயே கப்பலோடு வந்தார்கள். ஜெர்சித் தீவிலிருந்து வந்த ஒருவர் 1715இல் மார்ட்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்; அயர்லாந்துக்காரர் ஒருவர் 1765இல் ஹென்னெஸ்ஸியை. வாங்குகிறவர் கடலுக்கு அப்பால் லண்டனில் இருந்தார். போன வருஷம் குடித்த அதே ருசி இந்த வருஷமும் வேண்டும் அவருக்கு. அதனால் கோன்யாக், கலவையின் கலையாக வளர்ந்தது. பல ஆண்டுகளின் பிராந்திகளை, பல தோட்டங்களின் பிராந்திகளை ஒன்றோடொன்று சேர்த்து, எந்த ஆண்டும் தனியாகத் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வதே அங்கே பெரிய வித்தை. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நல்ல கலவைக்காரரின் மூக்கு ஒரு நூலகம்.

அர்மான்யாக் உள்நாடு. கடற்கரைத் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரை சேர்க்க வேண்டும். ஆற்றில் இறக்கினாலும் வழியில் போர்தோ நகரம் உட்கார்ந்திருந்தது. தங்கள் ஒயின் விற்றுத் தீரும்வரை உள்நாட்டுப் பகுதிகளின் ஒயின் கரோன் நதி வழியே இறங்கி வரக்கூடாது என்று போர்தோ வியாபாரிகள் நூற்றாண்டுக் கணக்கில் சலுகைச் சட்டம் வைத்திருந்தார்கள். 1776இல் அமைச்சர் துர்கோ ஒழிக்கும்வரை அந்தச் சலுகை நீடித்தது. போர்தோக்காரர்கள் வழி விடும்போது அந்த ஒயின் புளித்துப்போயிருக்கும். காய்ச்சி வடித்துவிட்டால் புளிக்காது; ஏழெட்டு வண்டிச் சரக்கு ஒரு வண்டிக்குள் அடங்கும். காஸ்கோனி விவசாயி வாலை என்னும் வடிகலம் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். வடிக்கும் வித்தை அங்கே அதற்கும் முந்தியது. எயோஸ் மடத்தின் தலைவராக இருந்த வித்தால் துஃபூர் என்ற பாதிரியார் 1310இலேயே இந்த வடிநீரின் 40 குணங்களை ஒரு மருத்துவ நூலில் பட்டியலிட்டுவிட்டார். கோன்யாக்குக்கு முந்தியவர்கள் நாங்கள் என்று காஸ்கோனிக்காரர்கள் இந்த ஆண்டை வைத்துத்தான் மார்தட்டுகிறார்கள். பாதிரியார் அதைப் பீப்பாயில் போட்டு வைத்தார் என்பதற்கு ஆதாரம் கேட்கக்கூடாது.

அந்த விவசாயி திராட்சையை மட்டும் நம்பியவர் அல்ல. மக்காச்சோளம், வாத்து, மாடு, கொஞ்சம் கொடி. விலை வந்த வருஷம் இரண்டு பீப்பாய் விற்பார். வராத வருஷம் கொட்டகையின் மண்தரையில் உருட்டிவைத்துவிட்டு உழப்போவார். வங்கியில் பணம் போடத் தெரியாத, போட விரும்பாத குடும்பங்களுக்கு அந்தப் பீப்பாய்தான் சேமிப்பு. கலந்துவைக்க அவரிடம் வேறு பண்ணைச் சரக்கு இல்லை. ஆகவே ஒவ்வொரு பீப்பாயும் ஒரே தோட்டம், ஒரே ஆண்டு. இன்றைக்கு ரசிகர்கள் கொண்டாடும் ‘ஒற்றை ஆண்டு, ஒற்றைத் தோட்டம்’ என்ற தூய்மை அங்கே கொள்கையாகத் தொடங்கவில்லை. இருந்தது அதுதான்.

1970களில் பிரான்சிஸ் தாரோஸ் என்பவர் பண்ணை பண்ணையாகப் போய் இந்த மறந்துபோன பீப்பாய்களை வாங்கத் தொடங்கினார். வாங்கியதைக் கலக்கவில்லை, தண்ணீர் விட்டு இளக்கவும் இல்லை. பண்ணையின் பெயர், ஆண்டு, புட்டியில் அடைத்த தேதி மூன்றையும் சீட்டில் போட்டு விற்றார். இப்போது அவர் மகன் அதே முறையில் நடத்துகிறார். ஒரு வியாபாரி தன் பெயரைவிடப் பக்கத்து ஊர் விவசாயியின் தோட்டப் பெயரை முக்கியமாக்கியது அந்தத் தொழிலில் எளிதாக நடக்கிற காரியம் அல்ல.

விற்காமல் வைத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: இளம் அர்மான்யாக்கைக் குடிப்பது கஷ்டம். இது வாலையின் வேலை. கோன்யாக்கில் ஒயினை இருமுறை வடிப்பார்கள். வெளியே வருவது 70 விழுக்காட்டைத் தொடும், மெலிந்து சுத்தமாக இருக்கும். அர்மான்யாக்கின் செம்பு வாலை அடுக்குத் தட்டுகள் வைத்த கோபுரம். மேலிருந்து ஒயின் தட்டுத் தட்டாக இறங்கிவரும். கீழே கொதிகலனிலிருந்து கிளம்பிய ஆவி, இறங்கிவரும் அந்த ஒயினுக்குள்ளேயே குமிழியிட்டுக்கொண்டு மேலேறும். ஏறும்போதே அதன் மணங்களை, எண்ணெய்ப் பிசுக்கை, மண்வாடையைச் சுமந்துகொண்டு போகும். ஒரே முறைதான் வடிப்பு. வெளியே வருவது பெரும்பாலும் 52 முதல் 60 விழுக்காடு. சாராயம் குறைவு, மற்றவை அதிகம். அந்த மற்றவைதான் முதல் சில ஆண்டுகளில் தொண்டையைப் பிறாண்டுகின்றன. முப்பது ஆண்டு கழித்து அந்த மற்றவைதான் மணக்கின்றன. பல பண்ணைகளுக்குச் சொந்த வாலை கிடையாது. சக்கரம் பூட்டிய வாலை அறுவடை முடிந்த குளிர்காலத்தில் ஊர் ஊராக வரும். இரவும் பகலும் நெருப்பு அணையாது. வடிப்பவருக்கு வாத்துக்கறிச் சாப்பாடு பண்ணைக்காரர் பொறுப்பு. மார்ச் 31க்குள் எல்லா வடிப்பும் முடிந்தாக வேண்டும் என்பது இன்றைய விதி. லாந்த் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான ஓன்யோவாஸ் பண்ணையில் 1804ஆம் ஆண்டு வாலை இன்னமும் விறகில் எரிகிறது.

வாலையிலிருந்து வரும்போது அதற்கு நிறமில்லை. பேரிக்காய், கொடிப்பூ, கொஞ்சம் பச்சைத் திராட்சை, நிறைய நெருப்பு. 400 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். முதலில் புதுப் பீப்பாய். ஓராண்டோ இரண்டாண்டோ ஆனதும் பழைய பீப்பாய்க்கு மாற்றம். புதுமரத்தில் அதிக நாள் விட்டால் தச்சுப்பட்டறைதான் மணக்கும். மரத்தின் லிக்னின் சிதைந்து வனில்லினாகிறது. சுட்ட மரச் சர்க்கரையிலிருந்து வறுத்த பாதாம் வாசனை. ஓக் மரத்தின் லாக்டோன்களிலிருந்து மெல்லிய தேங்காய். பத்தாவது ஆண்டுவாக்கில் உலர்ந்த பிளம் வந்துவிடும். அர்மான்யாக்கின் அடையாளமே அந்தப் பழம்தான். பக்கத்து மாவட்டத்து ஆஜென் நகரம் அதே உலர்பிளத்துக்குப் பேர்போனது என்பது வேதியியலில் தற்செயல். ஆனால் சாப்பாட்டு மேசையில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பிறகு ஆரஞ்சுத் தோல், பாகில் ஊறிய சீமை மாதுளை, மிளகு, புகையிலை, கசந்த கோகோ.

இருபத்தைந்து, முப்பது ஆண்டு தாண்டினால் ஒரு புதிய விருந்தாளி. அவர்கள் அதை ரான்சியோ என்கிறார்கள். முதல் தடவை முகர்கிறவர் முகம் சுளிக்கலாம். காளான், அக்ரூட் தோல், மழை நின்ற காட்டுத் தரை, நீலப்பூசணப் பாலாடைக்கட்டி. பத்து வருஷம் ஜாடியில் கிடந்து கறுத்துக் குழைந்த நார்த்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்தால், புளிப்பும் உப்பும் தணிந்து அடியில் ஒன்று எஞ்சுமே, நமக்கு அதற்கு மிக அருகில் வருவது அதுதான். பிராந்தியோடு வந்த கொழுப்பமிலங்கள் பீப்பாயின் மரத்துளைகள் வழியே நுழையும் காற்றோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உடைந்து மீத்தைல் கீட்டோன்களாகின்றன. அவற்றில் சில, நீலப்பூசணக் கட்டியின் மணத்தைத் தரும் அதே சேர்மங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் கொழுப்பைக் காற்று தின்பதால்தான். ஆக, இந்தப் பானத்தின் உச்சம் என்று வல்லுநர்கள் தேடும் ருசி, கட்டுப்பாட்டோடு நடந்த ஒரு கெட்டுப்போதல். நம் சமையலறையில் கெட்டதென்று கொட்டிவிடுகிற மாற்றம் அங்கே மிக மெதுவாக நடந்தால் விலை பத்து மடங்கு ஏறுகிறது. எனக்கு இதில் பிடித்த சங்கதி, இதைச் சீக்கிரப்படுத்த வழியில்லை என்பது. வனில்லாவை மரச்சீவல் போட்டு வரவழைக்கலாம். நிறத்தைக் கருக்கிய சர்க்கரையால் கொடுக்கலாம். ரான்சியோவுக்குக் காலம்தான் வேண்டும். காலத்தை வாங்க முடியாத விவசாயிகளிடம்தான் அது நிறைய இருந்தது.

அதற்குள் பீப்பாய் வற்றிக்கொண்டே வருகிறது. ஆண்டுக்கு இரண்டு, மூன்று விழுக்காடு ஆவியாகிவிடும். ‘தேவதைகளின் பங்கு’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்தப் பங்கை வாங்கிக்கொள்வது கிடங்குச் சுவரிலும் கூரை ஓட்டிலும் கரியாகப் படர்ந்திருக்கும் ஒரு பூஞ்சை. காற்றில் வரும் சாராய ஆவியில் அது வளர்கிறது. இரண்டரை விழுக்காடு என்று கணக்குப் போட்டால், 400 லிட்டர் 40 ஆண்டில் ஏறத்தாழ 145 லிட்டர். 70 சென்டிலிட்டர் புட்டிகளில் இருநூறுக்குச் சற்று மேல். நடைமுறையில் ஒரே ஆண்டின் பல பீப்பாய்களை ஒன்றால் மற்றொன்றை நிரப்பிக் காப்பாற்றுவார்கள், ஆகவே கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் சீட்டில் இருக்கும் எண்ணிக்கைக்கு இதுதான் அடிப்படை.

வற்றுவதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம். ஈரமான கிடங்கில் சாராயம் முந்திக்கொண்டு போகும். பிராந்தி மென்மையாகும், வலு குறையும். காய்ந்த கிடங்கில் தண்ணீர் முந்தும். வலு நிற்கும், முறுக்கு ஏறும். 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதை அர்மான்யாக் என்று விற்க முடியாது. அதனால் கிடங்குக்காரர் ஆண்டுதோறும் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் துளி எடுத்து முகர்ந்து பார்க்கிறார். மரம் மிஞ்சத் தொடங்குகிறதா, பழம் அடங்கிவிட்டதா, இன்னும் ஒரு வருஷம் தாங்குமா. தாங்காது என்று தோன்றிய அன்று, பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிவிடுவார். அதோடு வயது நின்றுவிடும். பழசானால் சிறப்பு என்ற பொதுப்புத்தி இங்கே செல்லாது. ஐம்பது ஆண்டைத் தாண்டிய பல பீப்பாய்கள் கசப்பும் துவர்ப்புமாகி வெறும் மரமாக மீந்திருக்கின்றன. நிறுத்தத் தெரிந்தவரின் மூக்குக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

திராட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870களின் இறுதியில் ஃபிலாக்சரா பூச்சி காஸ்கோனியின் கொடிகளை வேரோடு தின்றது. அதுவரை ஃபோல் பிளான்ஷ் என்ற மென்தோல் திராட்சைதான் ராணி. அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியபோது அதன் குலைகள் நெருக்கமாகிச் சுலபத்தில் அழுகின. லாந்த் பகுதியின் பெலூஸ் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஃப்ரான்சுவா பாக்கோ 1898இல் ஃபோல் பிளான்ஷையும் நோவா என்ற அமெரிக்க வம்சத்துக் கொடியையும் கலந்து ஒரு புதுக் கொடியை உண்டாக்கினார். அவர் வரிசை எண் 22அ என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது: பாக்கோ 22அ. அப்பன் நோவாவைப் பிரெஞ்சு அரசு 1930களில் தடை செய்துவிட்டது. அதன் ஒயின் புத்தியைக் கெடுக்கும் என்றுகூடப் பேசினார்கள். பிள்ளையும் தள்ளிவைக்கப்பட வேண்டியதே. ஆனால் மேற்குக் காஸ்கோனியின் பா அர்மான்யாக் பகுதியில், இரும்பு கலந்த பழுப்பு மணலில், அது அவ்வளவு செழித்தது. ஒயினாகக் குடிக்க அதில் ஒன்றுமில்லை. வடித்து முப்பது ஆண்டு வைத்தால் பிளமும் மண்ணும் கனமும் வேறெந்தத் திராட்சையிலும் இப்படி வராது. பிரான்சின் தோற்றப்பெயர் விதிகளுக்குள் ஒரு கலப்பினக் கொடி நெடுங்காலம் நிலைத்திருந்தது இங்கே மட்டும்தான் என்பார்கள். அர்மான்யாக்கின் எல்லையை வரைந்த ஆணையில் 1909 மே 25 அன்று கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஃபாலியேர் அதே மண்ணில் பிறந்தவர். எல்லைக் கோடு தாராளமாக விழுந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சிலர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

பிறந்தநாள் பரிசாகப் பிறந்த ஆண்டுப் புட்டியைத் தேடுகிறவர்கள் இந்தத் தொழிலை ஓரளவு தாங்கிப்பிடிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒயினில் ஆண்டு எவ்வளவு பேசுமோ அவ்வளவு பிராந்தியில் பேசாது. எந்தக் கொட்டகை, எந்த மரம், எத்தனை நாள் புதுப் பீப்பாய், யார் முகர்ந்தார்கள் என்பவை முந்திக்கொள்ளும். குடிப்பதற்கும் பெரிய சடங்கு வேண்டியதில்லை. சினிமாவில் பணக்காரர்கள் சுழற்றும் பலூன் கோப்பை சாராய நெடியை மூக்கில் அடிப்பதற்குத்தான் உதவும். வாய் குறுகிய சின்னக் கோப்பை போதும். ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பீப்பாயில் கிடந்த ஆண்டுக்கு ஒரு நிமிடம் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, நாற்பது நிமிடம் யாரும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. காஸ்கோனிக்காரர்கள் உள்ளங்கையில் இரண்டு துளி விட்டுத் தேய்த்து முகர்வார்கள். சாராயம் பறந்துவிடும், மிச்சம் பேசும். காலியான கோப்பையைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பார்ப்பதும் வழக்கம். நல்ல பழைய சரக்கு அப்போதும் மணக்கும். கருக்கிய சர்க்கரையும் சாரமும் சேர்த்த சரக்கில் பிசுக்கு மட்டும் இருக்கும்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளில் பிராந்திதான் பெரிதாக ஓடுகிறது. அதில் பெரும்பாலானது கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயம். திராட்சைக்கு அதில் பெயரளவுப் பங்கு. சளிக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்கும் ‘சூடு’ என்று ஒரு மூடி கொடுக்கும் வீட்டு வைத்தியத்தை வித்தால் துஃபூர் பாதிரியார் கேட்டிருந்தால் தன் பட்டியலில் சேர்த்திருப்பார். இரண்டு பானங்களுக்கும் உள்ள உறவு அதோடு முடிகிறது.

காஸ்கோனியில் இப்போது வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் டாரிக்கே பண்ணையின் க்ராசா குடும்பம், வாலைக்குப் போய்க்கொண்டிருந்த யுனி பிளான், கொலொம்பார் திராட்சைகளைக் குளிர்ச்சியாக நொதிக்கவைத்து இளம் வெள்ளை ஒயினாக விற்கத் தொடங்கியது. அறுவடையான அடுத்த வசந்தத்திலேயே பணம். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்று அந்த வட்டாரத்தின் கொடிகளில் பெரும்பகுதி வாலையைப் பார்ப்பதே இல்லை. விற்க முடியாமல் கொட்டகையில் உருட்டிவைத்த காலம் போய்விட்டது. பீப்பாயில் வைப்பவர்கள் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்து வைக்கிறார்கள். ஒயின் விற்ற காசில் பீப்பாய் வாங்கி, கணக்குப் புத்தகத்தில் ஏற்றி, ஆண்டுதோறும் முகர்ந்து பார்த்து.

இந்தப் பிராந்தி பழையதைப்போல் இருக்குமா என்று புலம்புகிறவர்கள் உண்டு. மீத்தைல் கீட்டோனுக்கு உடைமையாளரின் வங்கிக் கணக்கு தெரியாது. ஏழைக் கொட்டகையில் உருவாகிற அதே ரான்சியோ வசதியான கிடங்கிலும் உருவாகும். எண்ணிக்கை குறையும், அது நிச்சயம். யாரோ பாட்டன் மறந்துவிட்டதால் கிடைத்த அதிசயப் பீப்பாய்களும் இனிக் குறைவு. ஆனால் மறந்துபோனதால் பாழான பீப்பாய்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவற்றைத் தோட்டப் பெயர் போட்டு யாரும் வெளியிடவில்லை. மலிவுக் கலவைகளுக்குள் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தன.